சிவப்புத் துணி கட்டிய முட்டி

என் கண்ணான மகனுக்கு,

நீ இரவு மெயில் ரயிலில் ஏறிப்போன மறுநாள் காலை, குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தக் கச்சை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மருந்துப் போத்தல்களை அளவெடுத்து, இடுப்பின் இருபுறமும் பை வைத்து நான் தைத்துத் தந்த அதே கச்சை. மறந்துவிட்டுப் போனாயா, வேண்டாமென்று விட்டுப் போனாயா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மறந்திருக்கமாட்டாய் என்று ஒரு மனம் சொல்கிறது. காலுக்குப் பூசும் எண்ணெயை எடுத்திருக்கிறாய், காற்சட்டைக்கு மாற்று நாடாகூட எடுத்திருக்கிறாய், இதை மட்டும் எப்படி மறப்பாய்? வேண்டாமென்றே விட்டிருந்தால் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பாயே, நான் நாளெல்லாம் போய்வருகிற கதவில் ஏன் மாட்டினாய் என்று மற்ற மனம் கேட்கிறது. தபாலில் அனுப்பலாமென்று இரண்டு தரம் கடதாசியில் சுற்றி, இரண்டு தரமும் பிரித்துவிட்டேன்.

சனிக்கிழமை நீ கொழும்பில் போட்டியில் ஓடப்போகிறாய். இருபது மைலுக்கு மேல், தார் ரோட்டில், வெயிலில். இன்று புதன். இன்றைய மெயிலில் இது ஏறினால் நாளை உன் கைக்கு வந்துவிடும். அதற்கு முன் உனக்குச் சொல்லியிருக்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வைகாசியில் ஒருநாள் வல்லை வெளியைத் தாண்டிப் போய், வழியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் ஓடித் திரும்பினாய் அல்லவா? அதுதான் உன் மிக நல்ல ஓட்டம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஓட்டம் பழக்குகிற மாஸ்டரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாய். சனிக்கிழமையும் அப்படியே ஓடப்போகிறாய். அன்று நடந்தது அதுவல்ல, மகனே. ஆனால் அதைச் சொல்வதற்கு அந்த மண் முட்டியின் கதையிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னாலிருந்து தொடங்கவேண்டுமோ என்றும் தெரியவில்லை. நான் ஒழுங்காக எழுதுவேன் என்று எதிர்பாராதே.

கல்லூரியில் கடைசிச் சோதனை எழுதின கையோடு கல்யாணம், அடுத்த வருஷமே நீ. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்சில் ஏறினால் ‘தம்பியோ?’ என்று கேட்பார்கள். இப்போது நீ என்னைவிட ஒரு முழம் உயரம், இன்னும் அதையேதான் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உன்னோடு சேர்ந்தே வளர்ந்த தாய்க்கு, எதையும் முன்னமே தெரிந்துவைத்துக்கொண்டு உனக்குச் சொல்ல முடிவதில்லை. நீ ஓடத் தொடங்கினபோதும் அப்படித்தான் ஆயிற்று.

பங்குனி வெயிலில் நீ முதல்முறை புத்தூர்வரை ஓடிவிட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? நேரே கிணற்றடிக்குப் போனாய், துலாவை இழுத்து வாளிக்குள் முகத்தை வைத்துக் குடித்தாய், அப்படியே வாழையடியில் சத்தி எடுத்தாய். உன் பறுவத மாமி அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தமக்கை என்பதால் எனக்குப் புத்தி சொல்லும் உரிமை அவளுக்கு நிறைய உண்டு.

“பேய் துரத்தினவன் மாதிரியெல்லே ஓடுறான். ஒருக்கா நிண்டு பின்னாலை பாக்கச் சொல்லு பிள்ளை. ஒருத்தரும் வரேல்லை எண்டு கண்டால் பேசாமல் நடந்து வருவான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் உதடு வெளிறியிருந்தது. அன்று தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டேன். உன் மாஸ்டர், தண்ணீர் வயிற்றில் கிடந்து குலுங்கினால் ஓட்டம் போச்சு, வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக்கூடாது என்றார். பட்டணத்து ஆஸ்பத்திரி அப்போதிக்கரி, குடிக்கலாம், ஆனால் சுட்ட உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இருதயம் நின்றுபோகும் என்றார். அநுராதபுரம் ரயில் ஸ்டேஷனில் வேலைபார்க்கும் அப்பா எழுதின பதிலில், பழைய வழக்கம் எதுவோ அதையே செய் என்றிருந்தது. ஒரு காரணமுமில்லாமல் இருபது மைல் ஓடுவதற்குப் பழைய வழக்கம் எங்கே இருக்கிறது? கல்லூரியில் உடல்நூல் வகுப்பில் மிஸ் ஒரு படம் கீறிக் காட்டினது மட்டும் எனக்கு நினைவிருந்தது. வியர்வையோடு உப்பும் வெளியே போகிறது என்றார். போனால் என்ன செய்வது என்று சொன்னாரா, அதற்குள் மணி அடித்துவிட்டதா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அந்த அரைப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் நான் உன்னில் பரீட்சை செய்தேன்.

முதலில் சோடாப் போத்தலில் உப்புப் போட்ட மோர். நீ ஓடின ஓட்டத்தில் மோர் கடைபட்டு, தக்கை தெறித்து, மிச்சத்தில் வெண்ணெய் திரண்டிருந்தது. “நாளைக்கு ரெண்டு போத்தலாக் குடு பிள்ளை, நெய் உருக்கலாம்” என்றாள் மாமி. பிறகு இதரை வாழைப்பழம் இரண்டை மடியில் கட்டிவிட்டேன். அது களியாகி உன் தொடையால் வழிந்தது. பனங்கட்டிக் குட்டானை இடுப்பில் கட்டினால் வியர்வையில் கரைந்து ஒட்டிக்கொண்டது, அன்றைக்கு உன் பாயெல்லாம் எறும்பு. பொரிவிளாங்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நீ சிறுப்பிட்டி வரைக்கும் ஓட, வழியில் யாரோ பல்லுக்கொதியோ என்று கேட்டார்களாம். நீ இதையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாய். அப்போது நாம் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம்.

ஓடுகிறவன் சுமக்க முடியாதென்றால் தண்ணீர் அவனுக்கு முன்னால் போய்க் காத்திருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது அதன்பிறகுதான். வல்லைக் கோயிலுக்கு ஒரு நேர்த்தி என்று மாமியிடம் சொல்லிவிட்டு, பின்னேரம் திருக்கல் வண்டி பிடித்துப் போனேன். இரண்டு புது முட்டி. அவற்றில் தண்ணீர், உப்பு, வெட்டிப் பிழிந்த தேசிக்காய், வாசம் நிற்கட்டுமென்று பிழிந்த தோலையும் உள்ளே போட்டேன். வாயை வாழையிலையால் மூடினேன். தூரத்திலிருந்தே உன் கண்ணில் படவேண்டுமென்று என் பழைய சிவப்புச் சேலையில் கிழித்துக் கழுத்தில் கட்டினேன். திரும்பி வருகிற வழியில், இருட்டுகிற மைமல் பொழுதில், வல்லை வெளியின் ஓரத்தில் ஒன்றையும் ஆவரங்கால் சந்தியில் ஒன்றையும் இறக்கி வைத்தேன். சந்தியில் வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

“நான் அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறன் அம்மா. நீங்கள் வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வந்து ஏறுங்கோ.”

எவ்வளவு நாகரிகமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வெற்றிலை கொடுத்தபோது கையில் வாங்காமல் வண்டித் தட்டில் வைக்கச் சொன்னான். அதையும் மரியாதை என்றுதான் நினைத்தேன். ஒருவருக்குப் பிடித்த பிணியைக் கழித்து, தேசிக்காய் வெட்டிப் போட்டு, சிவப்புத் துணி சுற்றி, அந்தக் கழிப்பு முட்டியை முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார்கள் என்பதும், அதைத் தொட்டவனை அந்தப் பிணி பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாதா? சின்னவயதில் அப்படியொரு முட்டியைக் கண்டு வயலுக்குள்ளால் சுற்றி ஓடினவள்தான் நான். என் கையால் அதையே செய்துகொண்டிருந்தபோது அது என் மூளையில் படவேயில்லை. சந்தியில் சிவப்புத் துணி கட்டின முட்டி இருக்கும், எடுத்துக் குடி என்று நான் சொன்னபோது நீயும் “ஓமணை” என்றாயே தவிர, உனக்கும் படவில்லை.

மறுநாள் காலை சந்தியில் நடந்ததை நீ எனக்கு முழுதும் சொல்லவில்லை. உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த சந்திக் கடைக்காரர்தான் சொன்னார். விடிந்ததும் முட்டியைக் கண்டு பால்காரி வந்த வழியே திரும்பிவிட்டாளாம். மாட்டுவண்டிகள் தோட்டத்துக்குள் இறங்கிப் போயினவாம். அவர் கடைப் பலகையைத் திறக்கவில்லையாம். வைரவர் கோயில் பூசாரிக்கு ஆள் போய், அவரும் வேப்பிலையோடு வந்து எப்படி எடுப்பது என்று சனத்தோடு நின்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், நீ ஓடிவந்தாய். எல்லாரையும் விலத்திக்கொண்டு போய், வாழையிலையைக் கிழித்தெறிந்து, முட்டியைத் தூக்கி அண்ணாந்து குடித்தாய்.

“ஐயோ, உவன் குடிச்சுப்போட்டான்!” என்று ஒருத்தி குழறினாளாம். நாலுபேர் உன்னைப் பிடித்து இருத்தி, தலையில் குடம் குடமாக ஊற்றி, வேப்பிலையால் அடித்து, உடம்பெல்லாம் திருநீறு அள்ளிப் பூசினார்களாம். நீ மூச்சு வாங்கிக்கொண்டே “அது என்ரை அம்மா வைச்சது, விடுங்கோ” என்று சொல்லச் சொல்ல அடி கூடினதாம்.

கடைக்காரர் நம் படலையில் நின்று என்னைக் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“பிள்ளை, உன்ரை தம்பியைக் கொண்டந்திருக்கிறன். கொம்மாவைக் கூப்பிடு, ஒரு கதை கேக்கவேணும்.”

“நான்தான் தாய்.”

அவர் இரண்டடி பின்னால் போனார். “அப்ப... நீங்களோ சந்தியிலை வைச்சது?”

“ஓம்.”

“பெத்த பிள்ளைக்கோ?”

“ஓம், அவனுக்கெண்டுதானே வைச்சனான். வேறை ஆரும் எடுத்திட்டினமோ?”

அவர் இன்னும் ஓரடி பின்னால் போனார். திருநீற்றில் குளித்துக்கொண்டு நீ வண்டியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தாய். அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், எனக்கு விளங்கியது. மாமி பின்வளவுக்குப் போய்க் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனால் அன்று மாலையே உனக்கும் எனக்கும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

பிறகு நீ ஓடுகிற வழியெல்லாம் பெடியள் ‘கழிப்புக் குடிச்சவன்’ என்று பின்னால் கத்தினார்கள். நீ அதைப் பொருட்படுத்தவில்லை என்றாய். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, “எணை அம்மா, இனி எனக்கெண்டு எங்கையும் ஒண்டும் வையாதையணை. நான் மாஸ்டர் சொன்னமாதிரி ஓடுறன்” என்றாய். நான் சரி என்றேன். எதைச் சொல்லி மறுப்பது? வல்லை ஓரத்தில் வைத்த மற்ற முட்டியை ஒருவரும் தொடவில்லை. பருத்தித்துறைக்குப் பஸ்சில் போனபோது பார்த்தேன், துணி வெளிறி, முட்டி அப்படியே இருந்தது.

இப்போது அந்த வைகாசி நாளுக்கு வருகிறேன். நீ விடியப்புறம் புறப்பட்டாய். வல்லையைத் தாண்டி நெல்லியடிவரை போய்த் திரும்புவதாகச் சொன்னாய். வழக்கமாக வருகிற நேரம் போய், வெயில் உச்சிக்கு ஏறியும் உன்னைக் காணவில்லை. மாமி கோயிலுக்குப் போயிருந்தாள், வீட்டில் நான் மட்டும். படலை திறந்த சத்தம் கேட்டு ஓடிவந்தேன். நீ முற்றத்தில் நின்றாய். உடம்பில் வியர்வையே இல்லை, தோல் காய்ந்திருந்தது. காலை அகட்டி வைத்து நின்று என்னை மரியாதையாகப் பார்த்தாய். வழியில் காணும் அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல.

“அக்கா, கொஞ்சம் தண்ணி தருவியளோ?”

பகிடி விடுகிறாய் என்று நினைத்தேன். “உள்ளுக்கு வா மோனை” என்றேன்.

“இல்லையக்கா, நிக்க நேரமில்லை. நீர்வேலிக்குப் போகவேணும். அம்மா பாத்துக்கொண்டிருப்பா.”

நீர்வேலியிலேயே, உன் வீட்டு முற்றத்தில், உன் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னாய். நான் செம்பில் தண்ணீரை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். கொடுத்தால் வயிறு என்றார் ஒருவர், இருதயம் என்றார் மற்றவர், அரைப் பாடம் சொன்ன மிஸ்சும் தலைக்குள் இருந்தார். இவர்களுக்கெல்லாம் பின்னால், முட்டியின் பிணி பிடித்துவிட்டதோ என்று ஒரு குரலும் கேட்டது. அது எந்தக் குரல் என்று எனக்குத் தெரியும், அது என்னுடையதுதான். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நீ கையை நீட்டினபடியே பொறுமையாக நின்றாய். கடைசியில் எதையும் தீர்மானிக்காமலே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, உன்னைத் திண்ணையடி நிழலில் இருத்தி, செம்பை உன் உதட்டில் வைத்து வாய் வாயாகப் பருக்கினேன். தலையில் ஈரத்துணி போட்டேன். “பெரிய உபகாரம் அக்கா” என்றாய். பிறகு நித்திரையாகிவிட்டாய்.

பொழுதுபட எழுந்து, “எணை அம்மா, நான் எப்ப வந்தனான்?” என்று கேட்டாய். உனக்கு ஒன்றும் நினைவில்லை என்று அப்போதுதான் கண்டேன். “வெயில் ஏறமுன்னம் வெள்ளெனவே வந்திட்டாய், களைப்பிலை படுத்திட்டாய்” என்றேன். நீ துள்ளி எழுந்தாய். “கண்டியே! தண்ணி இல்லாமல் ஓடினால்தான் வேகம். மாஸ்டர் சொன்னது சரி.” உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் வாயை மூடிக்கொண்டேன். பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் நின்றான் என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், கழிப்புத்தான் பிடித்தது என்று ஊர் சொல்லும், உன்னை நாட்டு வைத்தியப் பரியாரியிடமும் மந்திரவாதியிடமும் இழுப்பார்கள், பிறகு நீ ஓடினபாடில்லை. ஓட்டம் உனக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் மறைத்தேன். ஆனால் மறைத்ததாலேயே நீ தண்ணீரில்லாமல் ஓடுவதை உறுதியாக்கிக்கொண்டாய். இதில் எது சரி, எது பிழை என்று நான் எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் வேறு விடை வருகிறது.

சொல்ல முடியாததைத்தான் கச்சையாகத் தைத்தேன். நீ அதைக் கட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஒருமுறை ஓடினாய். போத்தல்கள் கிளுக் கிளுக் என்றன. “கோயில் மாடு வருகுதடா” என்று உன் கூட்டாளி வேலிக்கு அப்பால் நின்று சிரித்தான். அதோடு அது ஆணிக்குப் போயிற்று.

இன்று காலை மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை? நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவன் எண்டோ?”

“ஓம் மச்சாள்.”

ஒரு கீரைத் தண்டை முறித்துப் போட்டுவிட்டு, “சொல்லித்தான் இருப்பன்” என்றாள். பிறகு, “இப்ப என்ன செய்யப்போறாய்?” என்று கேட்டாள்.

நான் சொன்னேன். அவள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். “கழிப்பையும் தூக்கிக்கொண்டு கொழும்புக்கோ! அங்கத்தைச் சனம் பாவம் எல்லே. சரி, முட்டியை ஆர் தூக்குறது? உன்ரை கை நடுங்கும், நானும் வாறன்.”

ஆகவே மகனே, நான் உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. குடி என்று சொல்ல என்னிடம் படிப்பில்லை, குடியாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. நடந்தது இதுதான் என்று மட்டும் சொல்கிறேன். நீ வெள்ளென வரவில்லை, வெயில் உச்சியில்தான் வந்தாய். மாஸ்டருக்கும் இதை வாசித்துக் காட்டு. அவர் என்ன சொன்னாலும் இதைத் தெரிந்துகொண்டு சொல்லட்டும். ஓடாதே என்று நான் எழுதவில்லை, அதைக் கவனித்துக்கொள். எழுதிப் பார்த்தேன், என் கையெழுத்துப்போலவே இருக்கவில்லை, கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு மெயிலில் நாங்கள் ஏறுகிறோம். அப்பாவுக்குத் தந்தி அடிக்கவில்லை. ரயில் அநுராதபுரத்தில் நிற்கும்போது ஜன்னலில் எங்களைக் கண்டுதான் அவருக்குத் தெரியும், அவர் கத்துகிற கத்தலை மாமி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஊராரின் சுருட்டுக்கடை ஒன்று இருக்கிறது, ஓட்டம் அந்த வழியால்தான் போகும் என்று நீ சொன்னாயே, அந்த வாசலில் நிற்பேன். கச்சையை அனுப்பவில்லை. நீ ஒன்றும் சுமக்கவேண்டாம், சுமந்துகொண்டு நான் வருகிறேன். வரும்போது கையில் ஒரு முட்டி இருக்கும், அதன் கழுத்தில் சிவப்புத் துணி இருக்கும். நிற்க விருப்பமில்லாவிட்டால் நிற்காமல் போ, நான் கோபிக்கமாட்டேன். ஆனால் வெயிலில் கண் மயங்கி, அந்த வாசலில் நிற்பவள் யாரென்று தெரியாமல் போனாலும், ‘அக்கா, கொஞ்சம் தண்ணி’ என்று கேள். இந்தமுறை யோசித்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

அம்மா